சோளத்தில் தொடங்கி என்சிலாடா வரை: வீட்டில் மெக்சிகன் சமையல் பழக முழுமையான வழிகாட்டி

மெக்சிகன் சமையல் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் டாக்கோவின், அதாவது டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் மடித்துத் தின்னும் பதார்த்தத்தின், உள்ளடக்கத்தில் ஆரம்பிக்கிறார்கள். கோழியை மசாலா போட்டு வதக்கி, கடையில் வாங்கிய மைதா டோர்ட்டியாவில் சுற்றி, மேலே சீஸ் துருவிப் போட்டுவிட்டு, ஏன் அந்த ருசி வரவில்லை என்று கேட்கிறார்கள். அடித்தளம் மக்காச்சோள மாவு, பீன்ஸ், காய்ந்த மிளகாய் விழுது ஆகிய மூன்றும்தான். மூன்றும் கைக்கு வந்துவிட்டால் அடுத்த ஐம்பது பதார்த்தங்கள் இவற்றின் சேர்க்கைகளே. அதனால் இந்த வழிகாட்டி மூன்றையும் வரிசையாகச் செய்து, கடைசியில் சிவப்பு என்சிலாடா, அதாவது மிளகாய்ச் சாற்றில் தோய்த்துச் சுருட்டிய டோர்ட்டியா, என்ற ஒரே தட்டில் கொண்டுவந்து சேர்க்கிறது.

1. நாள் கணக்கு

இது இரண்டு நாள் வேலை. வெள்ளி இரவு சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிடுங்கள். சனிக்கிழமை காலை அரைத்து டோர்ட்டியா சுடுங்கள், அன்றே பீன்ஸும் வேகவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மிளகாய் விழுதும் என்சிலாடாவும்.

இந்த இடைவெளி வசதிக்காக மட்டும் சொன்னதல்ல. என்சிலாடாவுக்கு ஒரு நாள் பழைய டோர்ட்டியாதான் வேண்டும். சுடச்சுட எடுத்ததில் ஈரம் அதிகம், சாற்றில் தோய்த்ததும் கிழிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே மதியத்தில் முடிக்கப் பார்க்கிறவர்களுக்குக் கடைசிப் படியில் கிடைப்பது கூழ்தான்.

2. முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டியவை

மக்காச்சோளம், அரை கிலோ. நன்கு காய்ந்த, முற்றிய சோளம். ஸ்வீட் கார்ன் ஆகாது, அதில் மாவுச்சத்து குறைவு. பாப்கார்ன் சோளமும் வேண்டாம், தோல் முரடு. விதைக்கடையில் விற்பதை எக்காரணத்துக்காகவும் வாங்காதீர்கள், அதில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள். கோழித்தீவனச் சோளமும் வேண்டாம், அதில் பூஞ்சை நஞ்சு இருக்க வாய்ப்புண்டு.

சுண்ணாம்பு, 5 கிராம். கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவும் வெள்ளைச் சுண்ணாம்பும் இதே பொருள்தான். ஆனால் அது தண்ணீர் கலந்த குழைவாக இருப்பதால் எடைக் கணக்கு சரியாக நிற்காது, சிலவற்றில் மணமும் நிறமும் சேர்ந்திருக்கும். உணவுத் தரம் என்று குறித்த தூளாக வாங்குங்கள். நீற்றாத கல் சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும், கையைச் சுடும். அது வேண்டாம். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் சமையலுக்கு ஆகாது.

காய்ந்த மிளகாய். குவாஹீயோ 10, ஆன்சோ 2. குவாஹீயோ மெல்லிய தோலும் நல்ல சிவப்பும் கொண்டது, காரம் மிதம். ஆன்சோ என்பது பழுத்துக் காய்ந்த பொப்லானோ மிளகாய். அகலமாக, கறுத்து, கிட்டத்தட்ட உலர்திராட்சை வாசத்தோடு இருக்கும். குவாஹீயோ கிடைக்காத ஊரில் பியாடகி மிளகாய் நிறத்தையும் மிதமான காரத்தையும் ஓரளவு தரும். ஆன்சோவுக்கு ஈடாக எதையும் சொல்ல மனம் வரவில்லை. எப்படியாவது தேடி வாங்குங்கள். குண்டு மிளகாய் போட்டால் காரம் கூடும், அந்தக் கனிந்த இனிப்பு வராது.

கறுப்பு பீன்ஸ் அரை கிலோ, பன்றிக் கொழுப்பு 150 கிராம் (சாப்பிடாதவர்கள் வாசமில்லாத எண்ணெய் எடுக்கலாம்), வெங்காயம், பூண்டு, கல்லுப்பு, மெக்சிகன் ஓரிகானோ. பீட்சாவுக்குத் தூவும் ஓரிகானோ வேறு குடும்பத்துச் செடி, வாசமும் வேறு. சீரகம் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். சீரகம் தூக்கலாக அடிப்பது டெக்சஸ் பக்கத்துப் பாணி.

எலுமிச்சையைப் பற்றிக் கவலை வேண்டாம். மெக்சிகோவில் லிமோன் என்று சொல்வது நம் கடையில் கிடைக்கும் அதே சிறிய எலுமிச்சைதான்.

பாத்திரங்களில் ஓர் எவர்சில்வர் குண்டான் கட்டாயம். அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். கோமால் என்ற தட்டைக் கல்லுக்குப் பதில் கனமான இரும்புச் சப்பாத்திக் கல் போதும். அதிகச் சூட்டில் எண்ணெயில்லாமல் காயும் என்பதால் தோசைக்குப் பழக்கி வைத்த கல்லைத் தொடாதீர்கள், பதம் போய்விடும். நான்ஸ்டிக் அந்தச் சூட்டுக்குத் தாங்காது. பூரி அழுத்தும் பிரஸ் இருந்தால் அதுவே டோர்ட்டியா பிரஸ்.

3. சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைத்தல்

இந்தப் படியில் கிடைக்கும் சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர். இதைத் தவிர்த்துவிட்டு மக்காச்சோள மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் டோர்ட்டியா வராது. தோலிலும் அதையொட்டிய சுவர்களிலும் இருக்கும் நார்ப்பசையைச் சுண்ணாம்பு கரைக்கிறது. அந்தப் பசைதான் பிறகு மாவை ஒட்டவைக்கிறது. அத்துடன் சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினும் விடுபட்டு உடலுக்குக் கிடைக்கிறது. மளிகைக்கடை கார்ன்ஃப்ளார் இன்னொரு பொறி. அது வெறும் ஸ்டார்ச், சூப் கெட்டிப்படத்தான் உதவும்.

சோளத்தைக் கல் நீக்கிக் கழுவுங்கள். குண்டானில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் வைத்து, 5 கிராம் சுண்ணாம்பைக் கரைத்து, சோளத்தைப் போடுங்கள். சோள எடையில் நூற்றுக்கு ஒன்று என்பதே கணக்கு. அதற்கு மேல் போனால் கசந்து, சோப்பு வாடை அடிக்கும். மிகக் குறைந்தால் தோல் கழலாது.

கொதி வந்ததும் தீயைக் குறைத்து, தளதளவென்று கொதிக்காமல் லேசாகச் சலசலக்கும் அளவில் 30 முதல் 45 நிமிடம் வையுங்கள். 25ஆவது நிமிடத்திலிருந்தே சோதிக்கத் தொடங்குங்கள். ஒரு மணியை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். கடித்துப் பார்த்தால் வெளிப்பக்கம் வெந்து, நடுவில் வெள்ளையாக மாவுப்புள்ளி ஒன்று மிச்சமிருக்க வேண்டும். அந்தப் புள்ளி இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். மீதி வேலையை ஊறல் பார்த்துக்கொள்ளும்.

புள்ளி மறையும்வரை வேகவிடுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. முழுக்க வெந்த சோளத்தை அரைத்தால் மாவு பிசின் மாதிரி கையைப் பிடித்துக்கொள்ளும். அதைத் திருத்த வழியில்லை.

மூடி வைத்து 8 முதல் 12 மணி நேரம் அப்படியே விடுங்கள். காலையில் மஞ்சள் நீரைக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். தோலைத் தேய்த்து எடுக்கும்போது கொஞ்சம் ஒட்டியிருக்கட்டும். ஒன்று விடாமல் உரித்தால் பசையும் கூடவே போய், மாவு உதிரும்.

4. அரைத்தல்

மெக்சிகோவில் இதற்கு மேத்தாத்தே என்ற சாய்ந்த கருங்கல் உண்டு. நம் அம்மிக்கு நெருங்கிய உறவு. அம்மியும் குழவியும் வீட்டில் இருந்து, அரைக்கத் தெம்பும் இருந்தால் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. தண்ணீர் தெளித்துத் தெளித்து இரண்டு முறை இழுத்து அரைத்தால் போதும். கையால் சுற்றும் சோள மில்லும் நல்லது. தட்டுகளை நன்றாக நெருக்கி, இரண்டு தடவை ஓட்டுங்கள்.

கிரைண்டரில் சிக்கல் உண்டு. கெட்டி மாவில் கல் சுற்றாது, தண்ணீர் விட்டால் தோசை மாவாகிவிடும். மிக்ஸிக்கும் இதே கதை, போதாக்குறைக்குச் சூடும் ஏறும். இவைதான் இருக்கின்றன என்றால் குறைந்த அளவு தண்ணீர் விட்டு, சின்னச் சின்ன ஈடுகளாக அரைத்து, கடைசியில் மாசா அரினாவைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்து ஈரத்தை இழுத்துக்கொள்ளுங்கள். மாசா அரினா என்பது நிஷ்டமால் செய்து அரைத்து உலர்த்திய மாவு. பாக்கெட்டில் கிடைக்கும்.

நிஷ்டமாலுக்கு இப்போதைக்கு நேரமில்லை என்றால் மாசா அரினாவிலேயே தொடங்கலாம். 250 கிராமுக்கு 350 முதல் 400 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்து ஈரத்துணி போர்த்தி 20 நிமிடம் வையுங்கள். உலர்ந்த மாவு நீரை மெதுவாகத்தான் குடிக்கும். உடனே தட்டினால் விளிம்பு வெடிக்கும்.

5. மாவுப் பதம்

சப்பாத்தி மாவை மறந்துவிடுங்கள். இதில் குளூட்டன் இல்லை, எவ்வளவு பிசைந்தாலும் இழுவை வராது. கொழுக்கட்டையின் மேல்மாவை நினைத்துக்கொண்டால் பதம் பிடிபடும்.

நெல்லிக்காய் அளவு உருட்டி, இரண்டு விரலால் தட்டையாக அழுத்துங்கள். ஓரம் கீறி வெடித்தால் தண்ணீர் போதவில்லை. ஒரு ஸ்பூன் தெளித்துப் பிசைந்து மறுபடி பாருங்கள். உள்ளங்கையில் ஒட்டினால் ஈரம் கூடிவிட்டது. ஓரம் வழவழப்பாக நின்று, கையில் ஈரத்தின் தடம் மட்டும் விட்டுப் போனால் சரி. புதியவர்கள் கையில் ஒட்டுமோ என்று பயந்து உலர்வாகவே விட்டுவிடுகிறார்கள். சந்தேகமாக இருந்தால் ஈரத்தின் பக்கம் சாயுங்கள்.

தட்டத் தட்ட மாவு காய்ந்துகொண்டே வரும். ஈரத்துணி மேலேயே இருக்கட்டும். பத்து உருண்டைக்கு ஒரு முறை கையை நனைத்துப் பிசையுங்கள்.

6. தட்டிச் சுடுதல்

30 முதல் 35 கிராம் உருண்டை. கெட்டியான பிளாஸ்டிக் பையை வெட்டி இரண்டு வட்டங்கள் எடுத்து, நடுவில் உருண்டையை வைத்து, பிரஸ்ஸில் அழுத்துங்கள். பாதி அழுத்தியதும் அரைச்சுற்று திருப்பி மறுபடி அழுத்தினால் கீல் பக்கம் மெலிந்து போகாமல் ஒரே கனமாக வரும். குறுக்களவு 13, 14 சென்டிமீட்டர். பிரஸ் இல்லையென்றால் கனமான தட்டையான பாத்திரத்தால் அழுத்துங்கள். பூரிக்கட்டையால் உருட்டினால் ஓரம் கிழியும்.

மேல் பிளாஸ்டிக்கை உரித்து, டோர்ட்டியாவை உள்ளங்கையில் கவிழ்த்து, அடுத்ததையும் உரியுங்கள். பிளாஸ்டிக்கிலிருந்து டோர்ட்டியாவைப் பிய்க்கக் கூடாது, டோர்ட்டியாவிலிருந்து பிளாஸ்டிக்கைத்தான் உரிக்க வேண்டும்.

கல் நன்றாகக் காய வேண்டும். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டோடி மறையும் சூடு. எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். டோர்ட்டியாவைப் போட்டு 20, 25 விநாடியில் ஓரம் கல்லை விட்டுக் கிளம்பும்போது திருப்புங்கள். இரண்டாம் பக்கம் 45 முதல் 60 விநாடி, அங்கங்கே பழுப்புப் புள்ளி விழும்வரை. மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினால் 20 விநாடிக்குள் உப்ப வேண்டும். உப்பாமல் அடம்பிடித்தால் துணியால் நடுவில் லேசாக ஒற்றிக் கொடுங்கள்.

முதல் திருப்பம் ஏன் அவ்வளவு சீக்கிரம்? அது மேற்பரப்பை மூடத்தான். அதிலேயே ஒரு நிமிடம் விட்டால் ஈரம் ஆவியாகி, பிறகு உள்ளே நீராவி சேர்ந்து இரண்டு ஏடாகப் பிரிக்க ஒன்றும் மிஞ்சாது. உப்பவே இல்லை என்றால் கல் சூடு போதவில்லை, மாவு உலர்ந்திருக்கிறது, அல்லது கனமாகத் தட்டியிருக்கிறீர்கள். இந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

சுட்டதைத் துணி விரித்த கூடையில் அடுக்கி மூடுங்கள். பத்து நிமிடம் தன் ஆவியிலேயே வெந்து மிருதுவாகும். கல்லிலிருந்து எடுத்த நொடியில் தின்று பார்த்துவிட்டு விறைப்பாக இருக்கிறது என்று சலித்துக்கொள்வது வழக்கம். இந்தப் பத்து நிமிடமும் சமையலில் சேர்த்தி.

அரை கிலோ சோளத்துக்கு ஒரு கிலோவை ஒட்டி மாவு, சுமார் 28 டோர்ட்டியா கிடைக்கும். 12 எடுத்து நாளைக்கு வையுங்கள்.

7. பீன்ஸ்

பெயர் ஃப்ரிஹோலெஸ் தே ஓயா, பானை பீன்ஸ். வேலை கொஞ்சம்தான், பொறுமை வேண்டும். அரை கிலோ கறுப்பு பீன்ஸ், இரண்டரை லிட்டர் தண்ணீர், அரை வெங்காயம், 3 பல் பூண்டு, 2 டேபிள்ஸ்பூன் பன்றிக் கொழுப்பு. பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு சிம்மில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். தண்ணீர் குறைந்தால் கொதிநீரையே ஊற்றுங்கள். தோல் மிருதுவானதும் 2 டீஸ்பூன் உப்பு. எபாசோத்தே என்ற கீரை கிடைத்தால் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஒரு கொத்து. இல்லையென்றால் விட்டுவிடுங்கள், கொத்தமல்லி அதற்கு ஈடாகாது.

தக்காளி, புளி, எலுமிச்சை எதையும் வேகும் முன் போடாதீர்கள். புளிப்புப் பட்டால் தோல் விறைத்து, எத்தனை மணி நேரமானாலும் வேகாது.

மெக்சிகோ நகரத்துக் குறிப்புகளில் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்றிருக்கும். அந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர், தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கடலோர ஊரில் இருப்பவர் அந்த நேரத்தை அப்படியே பின்பற்ற வேண்டாம். பிரஷர் குக்கரும் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. ஊறவைக்காத பீன்ஸ் என்றால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் 35, 40 நிமிடம்.

கெட்டி மசியல் வேண்டுமென்றால் 3 டேபிள்ஸ்பூன் கொழுப்பில் வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, பீன்ஸை அதன் சாற்றோடு போட்டு மசித்துக் கிளறுங்கள். அல்வாவைப் போல் வாணலியின் ஓரம் விட்டு வரும்போது இறக்குங்கள். ரெஃப்ரீத்தோஸ் என்ற பெயரைப் பார்த்து இரண்டு முறை பொரிப்பது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக வதக்கியது என்றே பொருள்.

8. மிளகாயைச் சுட்டு அரைத்தல்

மிளகாயை ஈரத்துணியால் துடைத்து, காம்பு, விதை, நரம்பு நீக்கித் தட்டையாக விரியுங்கள். மிதமான சூட்டில் கல்லில் போட்டு, கரண்டியால் அழுத்தி, பக்கத்துக்கு 10 முதல் 15 விநாடி. நிறம் லேசாக மாறி வாசம் எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். கறுகிய ஒரே மிளகாய் முழுச் சாற்றையும் கசக்கவைக்கும். கறுகியதைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். குவாஹீயோவின் தோல் மெலிது, ஆன்சோ கனம். இரண்டையும் ஒன்றாகக் கல்லில் போடாதீர்கள்.

வெந்நீரில் 20 நிமிடம் ஊறட்டும், மிதக்காமல் மேலே ஒரு தட்டு. அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிடுங்கள். பூண்டு 2 பல்லைத் தோலோடும், கால் வெங்காயத்தை அப்படியேயும் கல்லில் சுட்டெடுத்து, பூண்டை உரித்துக்கொள்ளுங்கள். ஊறிய மிளகாயுடன் இவற்றையும் அரை டீஸ்பூன் ஓரிகானோ, சிட்டிகை சீரகம், 350 மில்லி தண்ணீரோ கோழிச்சாறோ சேர்த்து நைசாக அரையுங்கள். கம்பி வடிகட்டியில் அழுத்தி வடிகட்டுங்கள். குவாஹீயோவின் தோல் மிக்ஸியில் முழுக்க அரையாது. வடிகட்டாவிட்டால் தொண்டையில் காகிதம் மாதிரி நிற்கும்.

9. விழுதைக் கொழுப்பில் வதக்குதல்

தமிழ்ச் சமையல் கை பழகியவர்கள் சறுக்குவது இங்கேதான். தாளித்து, வெங்காயம் தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள் போட்டு, தண்ணீர் ஊற்றுவது நம் வரிசை. இங்கே எல்லாவற்றையும் முதலில் சுட்டு, பிறகு ஊறவைத்து, அரைத்து, கடைசியில்தான் கொழுப்பு. பழக்கத்தில் இஞ்சி பூண்டு விழுதை முதலில் வதக்கிவிட்டால் அது வேறு குழம்பு.

ஆழமான பாத்திரத்தில் 2 டேபிள்ஸ்பூன் கொழுப்பைக் காயவிடுங்கள். ஒரு துளி விழுது விட்டால் சுர்ரென்று சீற வேண்டும். அப்போது முழுவதையும் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். தெறிக்கும், மூடியைக் கேடயமாக வைத்துக்கொள்ளுங்கள். 10 முதல் 15 நிமிடம் கிளறக் கிளற, ஆரஞ்சுச் சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும், ஓரத்தில் எண்ணெய் கசியும், பச்சை வாசம் போகும். உப்பைக் கடைசியில் போடுங்கள். கரண்டியின் பின்புறத்தில் மெல்லப் படிந்து நிற்கும் கனம் சரி. இறுகினால் கொஞ்சம் தண்ணீரோ கோழிச்சாறோ விடுங்கள்.

அரைத்த விழுதை வெறுமனே சூடுபண்ணி ஊற்றுகிறவர்கள் பலர். அதில் காரம் தனியாக, புளிப்பு தனியாக, மண்வாசம் தனியாகத் தெரியும். இந்தக் கால் மணி நேரம்தான் அவற்றை ஒன்றாக்குகிறது.

10. என்சிலாடா சேர்த்தல்

எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்: இளஞ்சூட்டில் மிளகாய்ச் சாறு, வேகவைத்துப் பிய்த்த கோழி அல்லது மசித்த உருளைக்கிழங்கு, மெல்லிசாக அரிந்த வெங்காயம், உதிர்த்த கேசோ ஃப்ரெஸ்கோ. அந்தச் சீஸ் இல்லையென்றால் பனீரை நன்றாகப் பிழிந்து உப்புப் போட்டு உதிருங்கள். ருசி அச்சாக அதுவல்ல, ஆனால் இடத்தை நிரப்பும். செடார், மொசரெல்லா போட்டால் இழுபடும், மிளகாய் வாசத்தை மூடிவிடும்.

வாணலியில் அரை சென்டிமீட்டர் எண்ணெய். நேற்றைய டோர்ட்டியாவைப் பக்கத்துக்கு 5 முதல் 10 விநாடி போட்டு, வளையும் பதத்தில் எடுங்கள். மொறுமொறுப்பானால் மடிக்கும்போது உடையும். இந்த எண்ணெய்ப் பூச்சுதான் சாறு உள்ளே இறங்கி டோர்ட்டியா கரைந்துபோகாமல் காக்கிறது. வடியவிட்டு, சாற்றில் இருபுறமும் தோய்த்து, தட்டில் வைத்து, உள்ளடக்கம் வைத்துச் சுருட்டுங்கள். மேலே ஒரு கரண்டி சாறு, சீஸ், வெங்காயம். பக்கத்தில் பீன்ஸ் வைத்து உடனே பரிமாறுங்கள். ஓவனில் வைப்பது இந்த முறையில் கிடையாது.

மிச்சோவாகான் மாநிலத்தில், குறிப்பாக மொரேலியா, பாட்ஸ்குவாரோ பக்கம், வரிசையை மாற்றுவார்கள். முதலில் சாற்றில் தோய்த்து, பிறகு கொழுப்பில் போடுவார்கள், பக்கத்திலேயே உருளைக்கிழங்கும் கேரட்டும் வதங்கும். மிளகாய் டோர்ட்டியாவோடு ஒட்டிப் பொரிவதால் ருசி இன்னும் ஆழம். ஆனால் எண்ணெய் பயங்கரமாகத் தெறிக்கும், சாறும் கெட்டியாக இருக்க வேண்டும். முதல் இரண்டு முறை மேலே சொன்ன வழியில் செய்துவிட்டு இதற்கு வாருங்கள்.

11. மிச்சத்தை வைத்துக்கொள்ளுதல்

மாவு ஃப்ரிட்ஜில் ஒரு நாளுக்கு மேல் நன்றாக இருக்காது, புளிக்கத் தொடங்கும். அதனால் மாவை வைக்காமல் எல்லாவற்றையும் சுட்டு வையுங்கள். டோர்ட்டியா துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வரும். சூடாக்கும்போது காய்ந்த கல்லில் பக்கத்துக்கு 20 விநாடி போதும், விறைத்திருந்தால் முதலில் தண்ணீரைத் தொட்டுத் தடவுங்கள். மிளகாய்ச் சாறு ஃப்ரிட்ஜில் நான்கு நாளும் ஃப்ரீசரில் இரண்டு மாதமும் தாங்கும். பீன்ஸைச் சாற்றோடு சேர்த்தே வையுங்கள், வடித்து வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும். முற்றிலும் காய்ந்துபோன டோர்ட்டியாவை ஆறாக வெட்டிப் பொரித்து, மீதமுள்ள சாற்றைக் கொதிக்கவைத்து அதில் புரட்டி, ஒரு முட்டையைப் பொரித்து மேலே வைத்தால் மறுநாள் காலைக்குச் சிலாக்கீலேஸ் தயார்.